பொட்டு வைத்த மௌஸ்

இதை எழுத உட்கார்ந்துவிட்டு, பேனாவை மூடி வைத்து, சாமி அறையைக் கூட்டப் போய்விட்ட நாட்கள் நிறைய. அப்படியே சில வருஷங்கள் ஓடிவிட்டன. எழுதினால் சாமியைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால் என் மகளைப் பற்றி ஊர் பேசுகிற பேச்சு அப்படியே நின்றுவிடுமே என்று இன்னொரு பயம். முதல் பயம்தான் இத்தனை நாள் ஜெயித்தது. மறைக்காமல் சொன்னால், அடியில் வேறொன்றும் இருந்தது. என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பது. சாமி பயம் என்று நான் சொல்லிக்கொண்டதில் பாதி அதுதான்.

நான் எட்டாவது வரை படித்தவள். கொமரலிங்கத்துப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி வேலம்பாளையத்துக்கு வந்தேன். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வரும் துணியைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை, கறை, கோணல் தையல் இருந்தால் தனியே எடுத்துப் போட வேண்டும். முட்டி வலி வந்தபின் வீட்டோடு இருக்கிறேன். வீட்டுக்காரர் ஒரு சின்ன யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். முருகனுக்குக் கிருத்திகை தவறாமல் விரதம் இருப்போம். எங்களுக்கு ஒரே மகள்.

அவளுக்கு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மார்க்கர் போடுகிற வேலை கிடைத்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சட்டை என்றால் முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி என்று துண்டு துண்டாகத்தான் வெட்டுவார்கள். அந்தத் துண்டுகளைத் துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்கிக் கம்ப்யூட்டரில் ஒரு படம் போட வேண்டும். அதுதான் மார்க்கர். அதை நீளப் பேப்பரில் அச்செடுத்து, அடுக்கிய துணிமேல் விரித்து, கோட்டின் மேலேயே மெஷினை ஓட்டி வெட்டுவார்கள். படத்தில் தப்பு இருந்தால் அடுக்கு முழுக்கத் தப்புதான். என் மகள் போட்ட மார்க்கரில் துணி மிச்சமாகும் என்று கம்பெனியில் பேர் இருந்தது. அந்தப் பேரைத்தான் அவள் நகையாகப் போட்டுக்கொண்டிருந்தாள் என்று சொல்ல வேண்டும். காதில் கிடப்பது கவரிங்தான்.

கம்பெனிக்கு ஆபீஸ் ஓரிடம், கட்டிங் யூனிட் ஓரிடம். இரண்டுக்கும் நடுவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைவாள். லேப்டாப்பிலேயே விரலால் தேய்க்க ஒரு சதுரம் இருக்கிறது. அதில் அவளுக்கு வேலை ஓடாது. சின்னத் துண்டுகளைப் பிடித்து நகர்த்தும்போது வழுக்கிவிடும் என்பாள். அதனால் பிரயாணத்துக்கென்றே விற்கிற சின்ன மௌஸ் ஒன்று வாங்கி வந்தாள். தட்டையாக, சாம்பல் நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். டிபன் பையின் ஓரத்துப் பாக்கெட்டில் போட்டால் இருப்பதே தெரியாது.

"இதென்ன அம்மிணி, சோப்பு டப்பாவா?" என்று கேட்டேன்.

"மௌஸும்மா. வயரு கெடையாது. போன் மாதிரி சார்ஜ் போட்டுக்கலாம்."

"வயரில்லாம அதுக்கு எப்படிச் சேதி போகும்?"

லேப்டாப்பின் பக்கவாட்டில் நகம் பெரிசுக்கு ஒரு கட்டையைச் சொருகிக் காட்டினாள். "இதுவும் அதுவும் பேசிக்கும். நடுவுல செவுரு இருந்தாக்கூடப் பேசும்."

"உங்கம்மா மாதிரின்னு சொல்லு" என்றார் வீட்டுக்காரர். "சமையக்கட்டுல இருந்துட்டே என்னைய வாசல்ல நிறுத்திப்போடுவா."

நானும் சிரித்தேன். அமுக்கினால் சத்தமும் வராது, அப்பா தூங்கும்போது தொந்தரவு இருக்காது என்று பார்த்து வாங்கினேன் என்றாள். சார்ஜ் போட்டால் மூக்கில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். நிறைந்துவிட்டால் பச்சையாகும்.

இப்போது அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து, பலகையில் சாமி முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டுவிட்டால், மறுநாள் விஜயதசமி காலையில் பூஜை முடித்து எடுக்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அவருடைய பெரிய கத்திரி, இஞ்சு டேப், என் அரிவாள்மனை, நூல் பிசிறு வெட்டும் குட்டிக் கட்டர், எல்லாம் பலகைக்கு வந்துவிடும். அன்றைக்குக் காய் நறுக்குவதுகூட அதற்கு முன்பே முடிந்துவிடும்.

விஜயதசமி காலையில் புது ஆர்டருக்கு முதல் வெட்டுப் போட்டால் அந்த வருஷம் வேலை தடைபடாது என்று எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் ஒரு நம்பிக்கை. என் மகளின் கம்பெனியில் அப்போது குழந்தைகள் கவுன் ஆர்டர் வந்திருந்தது. துணி முழுக்கச் சின்னச் சின்னப் பாய்மரப் படகு அச்சடித்திருக்கும். படகு எல்லாம் ஒரே பக்கம் பார்த்துத்தான் நிற்கும். அதனால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் இருந்தாக வேண்டும். அந்த மார்க்கரைப் பூஜையன்று சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கம்பெனிப் பூஜையில் கொடுத்த பொரியும் கடலையும் ஒரு கையில், லேப்டாப் ஒரு கையில் என்று வந்து முன்னறையில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கு அதைத் தொடக்கூடாது அம்மிணி."

"நாளைக்குக் காலையில முதல் வெட்டும்மா. நல்ல காரியத்துக்குத்தானே போடறேன்?"

"வேற ஆராவது போடட்டும்."

"மார்க்கர் போடறவளே நாந்தாம்மா. வேற ஆரு போடுவா?"

வீட்டுக்காரர் கத்திரியைத் துடைத்துக்கொண்டே நடுவில் வந்தார். "ஏம்புள்ள, கட்டிங் டேபிளையா தூக்கிட்டு வந்து சாமிகிட்ட வெக்கறேன்? கத்திரியத்தானே வெக்கறேன். லேப்டாப்பு டேபிளு மாதிரி. உடு."

அவர் சமாதானத்துக்குச் சொன்னார். நான் அதையே பிடித்துக்கொண்டேன். "சரிங்க. அப்படீன்னா இவளுக்குக் கத்திரி எது?"

மௌஸ் மேசைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, அதைக் குடுங்க. அது இல்லாம இந்தச் சின்னத் துண்டையெல்லாம் எப்படி நகத்துவேன்?"

"விரல்லயே தேய்ச்சுக்கோ கண்ணு. ஆத்தாளுக்கு ஏதாவது ஒண்ணு குடுக்கோணுமல்ல?"

என்னைப் பார்த்தாள். "சரி, வெச்சுக்கங்க" என்று குனிந்துகொண்டாள். அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சாமியை நினைக்கவில்லை. சம்பாதிக்கிற மகள் என் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

எங்கள் சாமி அறை, முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்ன இடம். கத்திரிக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைத்துவிட்டு மௌஸைக் கையில் எடுத்தேன். வழவழவென்று இருந்தது. சந்தனம் ஒட்டவில்லை. முன்னால் இரண்டு பட்டன் இருந்ததால், இரண்டு கண் மாதிரி இருக்கட்டும் என்று ஆளுக்கொரு பொட்டு வைத்தேன். வழுக்கிக்கொண்டே இருந்தது. மோதிர விரலால் நன்றாக அமுக்கி வைத்தேன். அது காய்வதற்குள் குங்குமத்தையும் அதன்மேல் அமுக்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. "சனியன், அங்கயும் இங்கயும் ஓடுது!"

"நல்ல நாளும் அதுவுமா வாயில என்ன வருது பாரு!" என்று அதட்டினேன். அதட்டிக்கொண்டே மௌஸைப் பலகையில் வைத்தேன். கத்திரி சரிந்ததால் மறுபடி எடுத்து, இன்னொரு தடவை பொட்டைச் சரிசெய்தேன்.

பிறகு கற்பூரம் ஏற்றிவிட்டேன். "வா அம்மிணி!"

"ஒருக்கா முழுசாப் பாத்துட்டு அனுப்பிட்டு வந்தர்றம்மா."

"கற்பூரம் அமந்துபோயிரும். உனக்காகச் சாமி காத்துட்டு இருக்குமா?"

அனுப்பிவிட்டு ஓடி வந்தாள். முகத்தில் கோபம் போகவில்லை. ஆனாலும் விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் முதல் வெட்டு நடந்தது. தைக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, ஒரு சைஸில் பின்பக்கத் துண்டு முழுவதும் படகு தலைகீழாக நிற்கிறது. மார்க்கரில் அந்தத் துண்டு ஒன்று மட்டும் திரும்பிக் கிடந்திருக்கிறது. துணி மறுபடி பின்னி, அச்சடித்து, கப்பலில் போக வேண்டியதைப் பிளேனில் அனுப்பினார்கள்.

"மேனேஜர் திட்டினாரா கண்ணு?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா. திட்டியிருந்தாப் பரவால்ல. 'கொஞ்ச நாளைக்குப் பேக்கிங்ல இரும்மா'ன்னு தன்மையாச் சொன்னாரு."

அட்டைப் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற இடம் அது. அவள் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்தாள். கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். மௌஸும் அதன் கட்டையும் அவளுடையவை என்பதால் வீட்டில் தங்கிவிட்டன. மௌஸுக்கு வேலை ஒன்றும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒருமுறை ஞாபகமாக அதைச் சார்ஜில் போடுவாள். சிவப்புப் புள்ளி பச்சையாகும்வரை பார்த்துவிட்டு எடுத்து அலமாரியில் வைப்பாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவளுடைய அப்பா யாரிடமோ சொல்லி ஒரு பழைய லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். சாயங்காலங்களில் அதில் மார்க்கர் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். கை மறந்துவிடக் கூடாதாம்.

கார்த்திகையில் எங்கள் கோயிலில் விளக்கு பூஜை. பெண்களெல்லாம் வரிசையாக உட்கார்ந்து விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்தவள் கேட்டாள், "ஏனுங்கக்கா, உங்க புள்ள மார்க்கரைத் தப்பாப் போட்டுப் போட்டுச்சாமா?"

எனக்குச் சுரீரென்றது. என் மகளுக்கு வேலை தெரியாது என்று இவள் நினைப்பதா? "அவளுக்கு வேலை தெரியாம இல்ல. அது சாமி குத்தம்" என்று சொன்னேன். பூஜையன்று நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் லேப்டாப்பைத் தொட்டாள், கலைவாணி கண்ணைக் கட்டிவிட்டாள் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிவிட்டது. கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

விளக்கு பூஜைக்குப் பெரியவராக இருக்கும் ஓர் அத்தை சொன்னார், "இதை அப்படியே போன்ல பேசிப் போடு அம்மிணி. நாலு சனத்துக்குப் புத்தி வரட்டும்."

அங்கேயே உட்கார்ந்து பேசினேன். மௌஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பறித்துக்கொண்டது, கற்பூரம் காட்டி அவசரப்படுத்தியது, எதுவும் இல்லை. "இதைக் கேக்கறவங்க எல்லாருக்கும் அனுப்புங்க" என்று கடைசியில் சொல்லி, எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். அன்று வீட்டுக்கு வரும்போது நல்ல காரியம் செய்த நிறைவோடுதான் வந்தேன்.

சில நாட்களில் உடுமலைப் பக்கத்துச் சொந்தக்காரி ஒருத்தி என் குரலையே எனக்கு அனுப்பி, "கேட்டுப் பாருங்க, மேலு சிலுக்குது" என்றாள். அதற்குள் கதைக்குக் கை கால் முளைத்துவிட்டது. லேப்டாப் தீப்பிடித்ததாக ஒருவர் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு வலது கை விளங்காமல் போய்விட்டதாக எங்கள் தெருவிலேயே, எனக்கே ஒருத்தி சொன்னாள். அந்தப் பெண் உள்ளே வலது கையால் தோசை பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மகள் ஒருநாள் போனைக் கொண்டுவந்து என்முன் வைத்தாள். "இது உங்க குரல்தானேம்மா?"

"உன்ற மேல தப்பு இல்லைன்னு சொல்லத்தான் கண்ணு..."

"என்ற மேல இல்லைன்னு சொல்லிச் சாமி மேல போட்டுட்டீங்க. இப்ப ரெண்டு பேரும் கெட்டவங்க."

மார்கழியில் திருமுருகன்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மார்க்கர் போட ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து போனாள். நானும் கூடவே போனேன். அவள் உள்ளே போக, நான் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். சிலைப் பட்டறைகளில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. முகம் இன்னும் செதுக்காத ஒரு அம்மன் சிலை ரோட்டோரம் நின்றது. அதைப் பார்த்து, "என் புள்ளைக்கு இந்த வேலையக் குடுத்துரு தாயே" என்று வேண்டினேன். அவள் சீக்கிரமே வெளியே வந்துவிட்டாள்.

"என்னாச்சு அம்மிணி?"

"காப்பி நல்லா இருந்துச்சும்மா."

பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் சொன்னாள். உள்ளே இருந்த முதலாளியம்மா மார்க்கரெல்லாம் போடச் சொல்லிப் பார்த்து, நல்லா இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். எந்தக் கம்பெனியில் இருந்தாய், ஏன் மாற்றினார்கள் என்று கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "பூஜையன்னைக்கு லேப்டாப்பைத் தொட்ட புள்ளையா நீயி?" என்றாராம். "நாங்க சாமிக்குப் பயந்த குடும்பம் கண்ணு. தப்பா நெனச்சுக்காத. காப்பி குடிச்சுட்டுப் போ."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மாவும் என் குரலைத்தான் கேட்டிருக்கிறார்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கிறபோது அலமாரியில் அந்த மௌஸ் கையில் பட்டது. பட்டன் இடுக்கிலெல்லாம் அன்றைய சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. சமையலறையில் உட்கார்ந்து, ஈரத்துணியும் ஊசியும் வைத்துக்கொண்டு சுரண்ட ஆரம்பித்தேன். மகள் முன்னறையில், மௌஸின் கட்டை சொருகியே இருந்த பழைய லேப்டாப்பில் விரலாலேயே மார்க்கர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அங்க என்ன பண்றீங்க? இங்க எல்லாம் தானா ஓடுது!"

என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஊசியால் வலது பட்டன் ஓரத்தை அழுத்தினேன்.

"ஐயோ, துண்டைத் திருப்பிப் போட்டீங்க பாருங்க!"

கை நின்றுவிட்டது. பிறகு, எழுதவே கூசுகிறது, வேண்டுமென்றே இன்னொரு தடவை அதே பட்டனை அமுக்கினேன். சத்தமே வரவில்லை.

"மறுபடியும்! தொடைக்கறதுன்னா ஆஃப் பண்ணிட்டுத் தொடைங்கம்மா. அடியில ஒரு பட்டன் இருக்குது பாருங்க."

திருப்பிப் பார்த்தேன். அரிசி பெரிசுக்கு ஒரு பட்டன் இருந்தது. அதைத் தள்ளினேன். நடுவில் சுவர் இருந்தாலும் பேசும் என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அங்கேயும் இங்கேயும் ஓடுது என்று அவள் கத்தியதும் ஞாபகம் வந்தது. படகைத் தலைகீழாக்கியது வழுக்கிய அவள் விரல் இல்லை. கலைவாணியும் இல்லை. பூஜை அறையில் நின்று, பக்தியோடு, மோதிர விரலால் நான் அமுக்கியதுதான்.

அப்போதே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? அவள் குரலைக் கூர்ந்து கேட்டேன். சந்தேகம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். சாதாரணமாக ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை என்று எனக்கு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை. பொட்டு வைத்தது தெரியாமல் செய்தது. நிம்மதிப்பட்டது தெரிந்தே.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றி, "அவளுக்குத் தெரியாமலே போகட்டும்" என்று வேண்டினேன். அவள் தினமும் பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, கையெல்லாம் பசையோடு வருவாள். தேங்காய் எண்ணெய் தொட்டு அந்தப் பசையைத் தேய்த்து எடுத்துவிடுவேன். அவ்வளவு அன்பாக எடுத்துவிடுவேன். சொல்ல மட்டும் மாட்டேன்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. பலகையில் கத்திரியும் அரிவாள்மனையும் வைத்தாயிற்று. மௌஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே எடுத்து வந்தாள். பலகையில் வைப்பதற்கு முன் அதைத் திருப்பி, அடியில் இருந்த அந்தச் சின்னப் பட்டனை நகத்தால் தள்ளினாள். மேலே இருக்கும் பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். பிறகு வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்ப வெய்ங்கம்மா பொட்டு."

சந்தனம் என் விரலிலேயே காய்ந்தது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"படகு தலைகீழா வந்து நின்னப்பவே யோசிச்சேன். என்ற விரல் பட்டா எப்படித் திரும்பும்னு நெனச்சேன். ஊட்டுக்கு வந்து மௌஸை எடுத்தா பட்டன் மேல ரெண்டு பொட்டு. அது ஆஃப்ல இல்ல."

"அப்பவே ஏன் சொல்லல கண்ணு?"

"எங்கம்மா சாமி கும்புட்டதுல ஆயிப்போச்சுன்னு மேனேஜர்கிட்டச் சொல்லச் சொல்றீங்களா? அனுப்புறதுக்கு முன்னால பாக்காம அனுப்பினது நாந்தானே. உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஆடியோ போட்டுட்டீங்க." மௌஸை நேராக நகர்த்தி வைத்துவிட்டு, "சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு ஆடியோ போட்டிருப்பீங்க" என்றாள்.

கத்திரிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்த அவள் அப்பா சிரித்துவிட்டார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "என்ன புள்ள, என்ன பேசிக்கறீங்க?" என்றார். அப்போதுதான் அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "கத்திரியத்தானே வெக்கறேன்னு நாந்தான் எடுத்துக் குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். அன்றைக்கு நான் எந்தக் கருவிக்கும் பொட்டு வைக்கவில்லை. அவள்தான் எல்லாவற்றுக்கும் வைத்தாள். அரிவாள்மனைக்கும் சேர்த்து.

அந்தக் கார்த்திகை விளக்கு பூஜையில், எல்லோரும் இருக்கும்போதே எழுந்து நின்று சொன்னேன். மௌஸைப் பறித்தது, பொட்டை அமுக்கியது, பொங்கலுக்கே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது எல்லாம். தலையில் இடி விழும் என்று நினைத்திருந்தேன். அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அட அம்மிணி, அதுவும் அவ செயல்தான். உன்ற விரல்ல வந்து உக்காந்து அமுத்தினது ஆருன்னு நெனச்ச?"

"இல்லீங்கத்தை, நாந்தானுங்க அமுத்தினேன்."

"நீ அப்படித்தான் நெனப்ப."

பின்னாலிருந்து ஒருத்தி, "அந்த மௌஸை ஒரு நாளைக்குக் கொண்டாங்கக்கா, தொட்டுக் கும்புட்டுக்கறோம்" என்றாள். நிஜமாகத்தான் கேட்டாள்.

திருத்தி இன்னொரு ஆடியோவும் பேசிப் போட்டேன். நான்கைந்து பேர் கைகூப்புகிற படம் அனுப்பினார்கள். அது எங்கள் குரூப்பைத் தாண்டிப் போனதாகத் தெரியவில்லை. பழையது இன்னும் போய்க்கொண்டே இருக்கிறது.

மகள் பேக்கிங்கை விட்டுவிட்டாள். பேப்பரில் அச்செடுக்கிற பழைய மெஷின் ஒன்றை வாங்கி முன்னறையில் போட்டு, சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு மார்க்கர் போட்டுக் கொடுக்கிறாள். வேலை கொடுப்பவர்கள் அவள் பேரை நம்பித்தான் கொடுக்க வேண்டும். வேறு எந்தப் பலமும் இல்லை. அதே மௌஸ்தான். மேல் பூச்சு போய், பட்டன் இரண்டும் பளபளவென்று ஆகிவிட்டது. சார்ஜ் முன்போல நிற்பதில்லை என்கிறாள்.

போன மாதம் ஒருவர், துண்டுகளின் அளவு வரைந்த பேட்டர்ன் பேப்பரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்கிற மாதிரி நின்றார்.

"ஏனுங்க, அந்த ஆடியோல வர்ற புள்ள ஊடுங்களா இது?"

மகள் உள்ளே இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும். மெஷின் ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது.

"ஆமாங்க. அதுல பேசினது நானுங்க. தப்புப் பண்ணினதும் நாந்தானுங்க. உக்காருங்க, சொல்றேன்" என்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் சுருட்டிய பேட்டர்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். சாமியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"இப்ப மார்க்கர் சரியா வருமுங்களா?"

"அவ போட்டா வருமுங்க. நான் பொட்டு வெக்காம இருந்தாப் போதும்."

அவர் சிரித்தார். உள்ளேயும் ஒரு சிரிப்புக் கேட்டது. பேட்டர்னைக் கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் வாசலோடு திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. எல்லோரையும் பிடித்து உட்கார வைத்து என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதினேன்.

எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நான் முதலில் இடது பட்டன் என்று எழுதியிருந்தேன். "வலதும்மா. இடதை அமுக்கினா துண்டு திரும்பாது. இதையாவது சரியாப் போடுங்க" என்று திருத்திக் கொடுத்தாள். வேறொன்றும் சொல்லவில்லை. மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லுவாள், அதனால்.

இன்றைக்கும் நான் பூஜை செய்கிறேன். மௌஸுக்கும் பொட்டு உண்டு. வேலையெல்லாம் அனுப்பி முடித்து, அதை அணைத்து, அவளே கொண்டுவந்து கொடுத்த பிறகுதான்.

படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். போன தடவையும் எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டவள்தான் நான். அந்தக் கூச்சத்தோடுதான் கேட்கிறேன். அந்தப் பழைய ஆடியோ உங்கள் கைக்கு வந்தால், அதோடு இதையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்கும்போது, சாமி குத்தம் என்று ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள். அந்தத் தாய் பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்று எனக்காகவும் சேர்க்காதீர்கள். பொங்கலுக்கு நான் பேசாமல் இருந்ததை விட்டுவிடாதீர்கள். மார்க்கர் தப்பாகப் போடவில்லை அந்தப் பெண். அமுக்கிய விரல் அவளுடைய அம்மாவுடையது. நான் எழுதியிருக்கிறபடியே, இப்படியே, சொல்லுங்கள்.